கரன்ட் பில்லுக்கும் கேஸுக்கும் வருமான வரம்பு உண்டா? வடசென்னை வீடுகளுக்கான கேள்வி பதில்

மின் கட்டணச் சலுகை, கேஸ் மானியம், அவற்றுக்கான வருமான வரம்பு பற்றி ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை அடிக்கடி காதில் விழுகிற கேள்விகள் இவை. மின் கட்டணம் எல்லாம் 2024 ஜூலையில் வந்த பட்டியல்படி. 2025 ஜூலையில் கட்டணம் மறுபடி உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால் வீட்டுக் கட்டணம் மாறவில்லை.

மாசம் எவ்வளவு சம்பாதித்தால் கரன்ட் பில்லில் சலுகை கிடைக்கும்?

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு வருமான வரம்பே கிடையாது. காசிமேட்டில் வலை பின்னுகிறவர் வீட்டுக்கும் அண்ணா நகரில் மூன்று ஏசி ஓடுகிற வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே 23 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் போட வேண்டாம், சான்றிதழ் காட்ட வேண்டாம், பில் போடும்போதே கழித்துவிடுவார்கள். "வருமானச் சான்றிதழ் கொடுங்கள், கரன்ட் பில் சலுகை வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் டீ கூட வாங்கிக் கொடுக்காமல் அனுப்பிவிடலாம்.

அமெரிக்காவில் இருக்கிற எங்கள் சொந்தக்காரப் பெண், அங்கே வருமானம் குறைவாக இருந்தால் கரன்ட், கேஸ் பில்லை அரசாங்கமே கட்டும் என்கிறாளே?

அவர் சொல்வது சரிதான். அங்கே 1981 முதல் லைஹீப் என்ற திட்டம் இருக்கிறது. மத்திய அரசு பணம் கொடுக்கும், மாநிலங்கள் வரம்பை நிர்ணயிக்கும். அந்த வரம்பு, கூட்டாட்சி அரசு அறிவிக்கும் வறுமைக் கோட்டின் 150 சதவீதம், மாநில நடுத்தர வருமானத்தின் 60 சதவீதம், இந்த இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் போகக்கூடாது. வறுமைக் கோட்டின் 110 சதவீதத்துக்குக் கீழேயும் இறக்கக்கூடாது. வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து தொகை மாறும். சம்பளச் சீட்டு, பழைய பில் எல்லாம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும், அந்த வருடத்துக்கான நிதி தீர்ந்துபோனால் தகுதி இருந்தும் கிடைக்காமல் போகலாம்.

நம் ஊர் வழி வேறு. இங்கே ஆளைப் பார்ப்பதில்லை, மீட்டரைப் பார்க்கிறார்கள். வரிசையில் நின்று நம் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் மீட்டர் யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்குத்தான் சலுகை போகும். வடசென்னையின் சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஐந்தாவது கேள்வியில் விவரமாகப் பார்ப்போம்.

100 யூனிட்டுக்கு மேல் போனால் எவ்வளவு?

இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. அதாவது 200 யூனிட்டுக்கு 235 ரூபாய், 300க்கு 705, 400க்கு 1,175, 500க்கு 1,805.

500ஐத் தாண்டினால் பில் திடீரென்று எகிறுவது ஏன்?

500ஐத் தாண்டியதும் அந்த 2.35 ரூபாய் விலை காணாமல் போய்விடும். 101ஆவது யூனிட்டில் இருந்தே 4.70 போடுவார்கள். 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, அடுத்த 200க்கு 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. ஆகவே 500 யூனிட்டுக்கு 1,805 கட்டுகிற வீடு 501க்கு ஏறக்குறைய 2,048 கட்டும். ஒரே ஒரு யூனிட், 243 ரூபாய். மே மாதம் கடைசி வாரத்தில் மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

நாங்கள் வாடகை வீடு. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். எங்களுக்கு 100 யூனிட் இலவசம் கிடையாதா?

கொருக்குப்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒரு காம்பவுண்டுக்குள் ஆறு வாசல் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே மின்வாரியத்தின் மீட்டர் ஒன்று. அதன் பக்கத்தில் பலகையில் வரிசையாகச் சின்னச் சின்ன சப் மீட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே சாக்பீஸில் வீட்டு எண். மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவார், வாடகையோடு கரன்ட் காசும் சேரும்.

இதில் கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒரு மீட்டரில் மூன்று குடும்பம், ஆளுக்கு 200 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600. வாரியம் போடும் பில் 2,880 ரூபாய். இலவச 100 யூனிட் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒருமுறைதான், 2.35 ரூபாய் விலையும் போச்சு. இதே மூன்று குடும்பத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு 235, மொத்தமே 705 ரூபாய். மூவருமாகச் சேர்ந்து 2,175 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், அதுவும் வீட்டுக்காரர் ஒரு பைசா லாபம் வைக்காமல் இருந்தால். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினால் வசூல் 4,800. தனி மீட்டரில் 235 கட்ட வேண்டிய குடும்பம் 1,600 கட்டுகிறது.

எல்லா வீட்டுக்காரரும் பேராசைக்காரர் இல்லை. 500ஐத் தாண்டிய பில் அவர் தலையிலும்தான் விழுகிறது, மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் ஆகிற செலவையும் யூனிட் விலையில் ஏற்றிவிடுகிறார். ஆனால் லாபம் வைத்து மின்சாரம் விற்க 2003 மின்சாரச் சட்டப்படி உரிமம் வேண்டும், அது வாடகைக்கு விடுகிறவரிடம் இருக்காது. முதலில் வாரிய பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். "ண்ணா, மொத்த பில் எவ்வளவு வந்துச்சு, நாங்க எல்லாரும் யூனிட் கணக்குல பிரிச்சுக்கிறோம்" என்று ஆறு வீடும் சேர்ந்து கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். தனியாகக் கேட்டால் "இஷ்டம் இருந்தா இரு" என்றுதான் வரும்.

நிரந்தர வழி தனி மீட்டர்தான்.

தனி மீட்டர் வாங்க என்ன வேண்டும்? வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால்?

ஒரு கதவு எண்ணுக்கு ஒரு இணைப்பு என்பதுதான் பொது விதி. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் இருந்தால், இடமும் ஒயரிங்கும் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். தனி வாசல், தனி சமையலறை, பக்கத்து வீட்டோடு கலக்காத லைன். சேர்ந்தாற்போல் கட்டிய வரிசை வீடுகளில் இது பெரும்பாலும் இருக்கவே இருக்கிறது. நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்துப் பிரித்த ஒரே ஹாலுக்குக் கிடைக்காது.

வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்தால் வேலை சுலபம். மறுத்தாலும் வழி இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பின்படி, சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரத்தைக் காட்டி, தகராறு வந்தால் வாரியத்துக்கு இழப்பு வராது என்று உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வழக்கமான காப்புத் தொகையைப் போல இரண்டு மடங்கு கட்டி விண்ணப்பிக்கலாம். ஆதாரம் என்றால் வாடகை ஒப்பந்தம். வாய்ப்பேச்சில் குடியேறி அட்வான்சுக்கு ரசீது கூட வாங்காதவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதோடு, வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு மீட்டர் வாங்கிவிட்டு அதே வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும் என்பதையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும். புது வீடு பார்க்கும்போதே "தனி மீட்டரா, சப் மீட்டரா" என்று கேட்டுவிடுவது எவ்வளவோ மேல். 300 ரூபாய் வாடகை கூட இருந்தாலும் தனி மீட்டர் வீடுதான் பல நேரம் மலிவாக முடியும்.

ஆதாரை மின் இணைப்போடு சேர்த்தபோது வாடகைக்காரர் ஆதாரைக் கொடுத்தால் இலவச யூனிட் போய்விடும் என்றார்களே?

2022 நவம்பரில் ஆரம்பித்து 2023 பிப்ரவரி வரை அந்த வேலை நடந்தது. அப்போது கிளம்பிய வதந்தி இன்னும் ஓயவில்லை. குடியிருப்பவர் ஆதாரைக் கொடுத்தாலும் 100 யூனிட் அந்த இணைப்புக்குத் தொடர்கிறது, வீட்டுக்காரர் பெயரில் நான்கு இணைப்பு இருந்தாலும் நான்குக்கும் உண்டு. ஆதாரைச் சேர்த்ததால் வாடகைக்காரர் வீட்டுக்கு உரிமை கொண்டாடவும் முடியாது.

வருமான வரம்பு கேட்கிற திட்டங்கள் எவை? எல்லாவற்றுக்கும் ஒரே தொகையா?

ஒரே தொகையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கோடு. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1.20 லட்சம். ரேஷனில் முன்னுரிமைக் குடும்பம் ஆவதற்கு 2017 விதியில் 1 லட்சம், வீட்டில் ஏசி இருந்தாலும் நான்கு சக்கர வண்டி இருந்தாலும் முன்னுரிமை கிடையாது. ஆனாலும் முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் இங்கே இலவச அரிசி உண்டு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2.50 லட்சம். கேஸ் மானியத்தில் ஒரு கோடு மாதம் 10,000, இன்னொரு கோடு ஆண்டுக்கு 10 லட்சம். ஒரே குடும்பம் ஒரு மேசையில் ஏழை, அடுத்த மேசையில் வசதியானவர்.

மகளிர் உரிமைத் தொகைக்கும் கரன்ட் பில்லுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கியபோது வைத்த விதிகளில் குடும்ப வருமானம் 2.50 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள் என்பவற்றோடு, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பதும் ஒன்று. இரண்டு மாதத்துக்கு 600. வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை, விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண்ணைக் கேட்டார்கள். சம்பளத்தைக் குறைத்துச் சொல்லலாம், மீட்டரைக் குறைத்துச் சொல்ல முடியாதே.

மேலே சொன்ன மூன்று குடும்பத்துக் கணக்கை மறுபடி பாருங்கள். ஆளுக்கு 200 யூனிட்தான், ஆனால் பொது மீட்டர் 600 காட்டுகிறது. ஆண்டுக்கு 3,600. கோட்டின் மேலேயே நிற்கிறது. கோடையில் ஒரு ஏர்கூலர் கூடுதலாக ஓடினால் மூன்று பெண்களும் வசதியானவர்கள் கணக்கில் சேர்ந்துவிட வாய்ப்பிருக்கிறது. விண்ணப்பம் தள்ளுபடியானால் 30 நாளுக்குள் இ-சேவை மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருந்தது. இப்படிப்பட்டவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும் எத்தனை குடும்பம் ஒரே மீட்டரில் இருக்கிறது என்ற விவரத்தையும் சேர்த்து எழுதிக் கேட்பதுதான் முறை.

கேஸ் மானியம் யாருக்கு வரும்?

ஏழைக் குடும்பங்களுக்காக 2016இல் வந்த உஜ்வலா திட்டத்தில் இணைப்பு வாங்கியவர்களுக்கு சிலிண்டருக்கு 300 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2025-26 நிதியாண்டுக்கு ஒன்பது சிலிண்டர் வரை என்று வைத்தார்கள். பெண் பெயரில்தான் இணைப்பு, வீட்டில் வேறு கேஸ் இணைப்பு இருக்கக்கூடாது. குடும்பத்தில் யாராவது மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் தகுதி இல்லை என்பது உறுதிமொழிப் படிவத்தில் வருகிற நிபந்தனைகளில் ஒன்று. சென்னையில் துணிக்கடை சேல்ஸ்மேன் சம்பளமே அதைத் தாண்டுகிறது. கிராமத்தை மனதில் வைத்துப் போட்ட கோடு அது, நகரத்தில் அந்தக் கோட்டுக்குள் யார் வாடகை கொடுத்து வாழ முடியும்?

மற்ற இணைப்புகளுக்கு 2016 ஜனவரி முதல் 10 லட்ச வரம்பு: இணைப்புக்காரர் அல்லது அவருடைய கணவன், மனைவியின் வரிக்குரிய வருமானம் அதைத் தாண்டினால் மானியம் இல்லை. ஆனால் சில ஆண்டுகளாகவே சென்னையில் சாதாரண இணைப்புகளுக்கு மானியம் வருவது நின்றுவிட்டது. வரம்பு புத்தகத்தில் இருக்கிறது, பணம் வருவதில்லை. உஜ்வலாக்காரர்கள் மட்டும் ஏஜென்சியில் ஆதார் கைரேகைப் பதிவை முடித்திருக்கிறீர்களா, மானியம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல பேருக்குப் பணம் மறந்துபோன பழைய கணக்கில் விழுந்துகொண்டிருக்கும்.

எனக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மீன்பிடி, லோடு வேலை, வீட்டு வேலை. வருமானச் சான்றிதழ் எப்படி வாங்குவது?

இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ஆதார், ரேஷன் அட்டை, போட்டோ கொண்டு போங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ. அல்லது வருவாய் ஆய்வாளரிடம் போய், தாசில்தார் அலுவலகத்தில் கையெழுத்தாகும். இந்தப் பக்கத்துக்குத் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர், மாதவரம் என்று வட்டங்கள் பிரிந்திருக்கின்றன, உங்கள் தெரு எதில் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூலி வேலைக்காரர்கள் செய்கிற தவறு, நல்ல நாள் கூலியை 365ஆல் பெருக்குவது. விசைப்படகில் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் வருவது அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் நிவாரணம்தான். புயல் எச்சரிக்கை, டீசல் காசு கூடத் தேறாத நாள், படகு பழுது பார்க்கிற வாரம் எல்லாம் கழித்தால்தான் ஆண்டு வருமானம் உண்மையாக இருக்கும். "ஒரு நாளைக்கு 900 வரும் சார்" என்று மட்டும் சொன்னால் ஆய்வாளர் மூன்று லட்சத்துக்கு மேல் எழுதிக்கொண்டு போய்விடுவார். வருடத்தில் எத்தனை நாள் வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்காக வீட்டில் சம்பாதிக்கிற மகனை மறைக்காதீர்கள். குடும்ப வருமானம் என்றால் எல்லார் வருமானமும்தான்.

எங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லை, ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ். எப்படி 250 யூனிட் வருகிறது?

பழைய மாடல் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், 60 நாளில் 90. இலவச யூனிட்டை ஏறக்குறைய ஒரு ஃபேனே சாப்பிட்டுவிடுகிறது. மின்சாரம் குறைவாக இழுக்கிற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 36 யூனிட்தான். பழைய ஃபிரிட்ஜ் தினம் ஒன்று, ஒன்றரை யூனிட் இழுக்கும். கேஸ் விலைக்குப் பயந்து 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பை முழுச் சூட்டில் தினம் ஒரு மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். தனி மீட்டரில் 200க்குள் இருப்பவருக்கு அது கட்டுப்படியாகும், எட்டு ரூபாய் சப் மீட்டரில் இருப்பவருக்குக் கேஸே மேல்.

மொட்டை மாடியில் சோலார் போட வருமான வரம்பு உண்டா?

இல்லை. 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஆனால் சொந்தக் கூரை வேண்டும். ஷீட் போட்ட வாடகை வீட்டுக்காரருக்கு இது செய்தி மட்டும்தான்.

அனல் மின் நிலையத்துப் புகையும் சாம்பலும் எங்களுக்குத்தானே? எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனிச் சலுகை கிடையாதா?

கிடையாது. பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அத்திப்பட்டில் 1,830 மெகாவாட் வடசென்னை அனல் மின் நிலையம் ஓடுகிறது, அதன் பக்கத்தில் 800 மெகாவாட் மூன்றாம் கட்டத்தை 2024 மார்ச்சில் திறந்தார்கள். கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்து இறால் குறைந்துபோனதாக மீனவர்கள் வருடக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். அந்த ஆற்றோரத்து வீட்டுக்கும் அதே 100 யூனிட், அதே 2.35 ரூபாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஈபி ஆபீஸ் கவுன்டரில் கேட்டுப் பயனில்லை.

தடைக்காலத்தில் பில் கட்ட முடியவில்லை. தவணை கிடைக்குமா? "இன்றிரவு கரன்ட் கட் ஆகும்" என்று மெசேஜ் வேறு வருகிறது.

முதலில் அந்த மெசேஜை அழியுங்கள். அதில் இருக்கிற எண்ணுக்குப் போன் போட்டவர்கள் வங்கிப் பணத்தை இழந்திருக்கிறார்கள். வாரியத்தின் உதவி எண் 94987 94987, சந்தேகம் இருந்தால் அதற்குப் பேசுங்கள்.

ரீடிங் எடுத்த நாளில் இருந்து 20 நாள் அவகாசம் உண்டு. அதைத் தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்கலாம், மறு இணைப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டிவரும். வருமானத்தைக் காட்டித் தள்ளுபடி வாங்குகிற ஏற்பாடு எதுவும் இல்லை. கெடு முடிவதற்கு முன்பே உங்கள் பகுதி உதவிப் பொறியாளரை நேரில் பார்த்து, எந்தத் தேதிக்குள் கட்ட முடியும் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஃபியூஸைப் பிடுங்கியபின் போய் நிற்பதைவிட அது எவ்வளவோ நல்லது. சப் மீட்டர் வீட்டில் இருந்தால் உங்கள் பங்கைக் கொடுத்ததற்கு வீட்டுக்காரரிடம் ரசீது வாங்குங்கள், நோட்டில் ஒரு கையெழுத்தாவது. அவர் பில் கட்டாமல் விட்டாலும் இருட்டில் உட்காரப்போவது நீங்கள்தான்.